அன்னையும் அம்மாக்களும்

அன்னை என்றாலும் அம்மா என்றாலும் ஒன்றுதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் இரும்பையில் அப்படியில்லை. அன்னை என்றால் படத்தில் இருப்பவர். அம்மா என்றால் ஆரோவில் வீடுகளில் பெருக்கி, பாத்திரம் கழுவி, துணி துவைக்கிற எங்கள் காலனிப் பெண். 'எங்கள் அம்மா இன்றைக்கு வரவில்லை' என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்னால், பெற்றவளைச் சொல்லவில்லை என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் ஆயா (ஆயா என்றால் எங்கள் பக்கம் பாட்டி) இருபது வருஷம் அப்படி அம்மாவாக இருந்தவள்.

படத்தில் இருப்பவரை நான் சாமியாகக் கும்பிட்டவனில்லை. ஆனால் ஒரு மனுஷியின் கதையாகப் படித்தபோது கீழே வைக்க முடியவில்லை. மிர்ரா அல்பாசா. 1878ல் பாரிசில் பிறந்தவர். தகப்பன் துருக்கி யூதர், தாய் எகிப்துக்காரி. அதற்கு முந்தின வருஷம்தான் குடும்பம் பிரான்சுக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஆக, பிறப்பிலேயே வந்தேறி வீட்டுப் பிள்ளை. அவருக்குப் பதினாறு வயதாகும்போது, 1894ல், டிரேபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியைத் துரோகி என்று பொய்க் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளினார்கள். அதையொட்டி பாரிஸ் தெருக்களில் யூதர்மேல் எவ்வளவோ வெறுப்பைக் கக்கினார்கள். ஒதுக்கல் என்றால் என்னவென்று அந்த வீட்டுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஓவியம் படித்தார், ஓவியர் ஒருவரைக் கட்டினார், 1898ல் ஒரு மகன், 1908ல் மணமுறிவு. 1914ல் இரண்டாவது புருஷனோடு புதுச்சேரிக்கு வந்தார். மறுவருஷம் திரும்பிப் போய், ஜப்பானில் நான்கு வருஷம் இருந்து, 1920ல் மறுபடி வந்தவர், 1973ல் 95 வயதில் சாகும்வரை போகவில்லை. 1926லிருந்து ஆசிரமமே அவர் கையில்.

அவரிடம் எனக்குப் பிடித்தது வாத்தியார் வேலை. 1943ல் ஆசிரமத்தில் பள்ளி தொடங்கினார். எழுபதைத் தாண்டியும், 1950களில், மாலை வேளையில் விளையாட்டுத் திடலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வகுப்பு எடுத்தார். ஒரு பத்தியை வாசிப்பார், பிள்ளைகள் கேட்பார்கள், பதில் சொல்வார். மொழிப்பாடத்தில் தொடங்கி தூக்கம், பயம், சாவு என்று பேச்சு எங்கெங்கோ போகும். அந்தப் பேச்சுகள் புத்தகங்களாகவே இருக்கின்றன. பிள்ளையின் கேள்விக்கு இத்தனை மெனக்கெட்டுப் பதில் சொல்கிற வாத்தியாரை நான் பார்த்ததில்லை. நான் படித்த பள்ளியில் கேள்வி கேட்டால் 'சேரிப்புத்தி' என்பார்கள்.

அந்தத் திடலுக்கும் எங்கள் காலனிக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதே 1950களில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆயா ஆண்டை வீட்டு மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். கடல் தாண்டி வந்தவர் யாரும் நம்மைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது; 1894லேயே அமெரிக்கரான ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பள்ளி திறந்தார். திடலில் நடந்த பாடம் எங்கள் தெருப்பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியது. 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டார்கள். சாசனத்தை அன்னை பிரெஞ்சில் வாசித்தார், புதுச்சேரியில் தன் அறையில் இருந்தபடியே. வானொலி வழியாகத்தான் இங்கே கேட்டது. அவர் கால் இந்தச் செம்மண்ணில் பட்டதேயில்லை. இதை ஆயாவிடம் சொன்னேன்.

"வராமலியா ஊரு கட்டுனாங்க?"

"ஆமா ஆயா."

"அப்ப கட்டுனது யாருடா?"

எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. கடுவெளிச் சித்தர் சாபத்தில் மாகாளேசுவரர் கோயில் லிங்கம் வெடித்தது, நிலம் பொட்டலானது, தூரதேசத்தார் வந்து பச்சையாக்குவார்கள் என்று. வந்தார்கள். மண்ணரிப்பைத் தடுக்க வரப்புப் போட்டார்கள், லட்சக்கணக்கில் மரம் வைத்தார்கள். அவர்களும் வெயிலில் பாடுபட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடப்பாரை பிடித்துக் குழி தோண்டிய கூலிக்காரன் அந்தக் கதையில் எங்கும் வருவதில்லை.

ஆயாவும் பிரெஞ்சு படித்தாள். திடலில் அல்ல, அடுப்படியில். ஓ என்றால் தண்ணி. பலே என்றால் விளக்குமாறு, நமக்குத்தான் அது சபாஷ். வீத் என்றால் சீக்கிரம். துமேன் என்றால் நாளைக்கு. இந்தக் கடைசிச் சொல்தான் அவளுக்கு நன்றாக மனப்பாடம். ஒரு வீட்டில் கூலி கேட்கும்போதெல்லாம் துமேன். மூன்று மாசக் கூலி துமேனிலேயே போய்விட்டது. "நல்ல பாஷைடா, ஒரே வார்த்தையில வயித்தக் கட்டிடுது" என்பாள்.

ஆரோவிலுக்கு நான்கு மொழி என்று அன்னை சொல்லியிருந்தார்: தமிழ், பிரெஞ்சு, எளிய சமஸ்கிருதம், ஆங்கிலம். மொழி வாத்தியார் அல்லவா, இருக்கிற மண்ணின் பேச்சை விடவில்லை. இதை அவர் கணக்கில் வரவாகவே வைக்கிறேன். பிற்பாடு சுற்றுக் கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் இரவுப்பள்ளியும் வந்தன. ஆனால் வந்தவர்களில் பலர் கற்றுக்கொண்ட தமிழ் எந்தத் தமிழ்? வா, போ, எடு, வை, சீக்கிரம். ஆண்டை எங்களிடம் பேசிய அதே தமிழ். எழுபது வயது ஆயாவை, "அம்மா, வா" என்று இருபது வயதுப் பையன் கூப்பிடுவான். தப்பு அவனுடையது மட்டுமில்லை. ஊர்த்தெருக்காரன் அவளை அப்படித்தான் கூப்பிட்டான், அதைக் கேட்டுத்தானே அவன் கற்றான்.

இப்போது என் அக்கா மகள் அப்படி வருகிறவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். எம்.ஏ. தமிழ் படித்தவள். முதல் பாடம்: வாங்க, உக்காருங்க, சாப்ட்டீங்களா. போன மாசம் ஒருவர் கேட்டாராம்: "தோட்டத்தில் எல்லாரும் வா, போ என்றுதான் பேசுகிறார்கள். அது சின்னதாக, சுலபமாக இருக்கிறதே. அதை எப்போது சொல்லித்தருவீர்கள்?"

"துமேன்" என்றாளாம்.