வரிக்கு அளவெடுத்த வண்டி

மாத்தளையில் யாராவது எந்த வண்டி நல்லது என்று கேட்டால், எந்தப் பக்கம் ஓட என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. மாவட்டம் ஒன்றுதான், வீதிகள் நாலு விதம். வடக்கே நாவுலயைத் தாண்டித் தம்புள்ளைவரை ஏ9 வீதி பெரிய சோதனை எதுவும் வைக்காது. மரக்கறி லொறியை முந்துகிற அளவுக்கு இழுவை இருந்தால் போதும். மேற்கே யட்டவத்தை, கலேவெல பக்கம் தென்னந்தோட்டங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகப் போகும். தெற்கே உக்குவளையிலிருந்து எல்கடுவைக்குத் திரும்பினால் தேயிலை. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய தோட்டப் பாதை, ஓரத்தில் காண். கிழக்கே இரத்தோட்டை வழியாக ரிவஸ்டன். மாத்தளை நகரமே கடல்மட்டத்துக்கு மேலே 360 மீற்றர் சொச்சத்தில் இருக்கிறது. ரிவஸ்டனுக்குப் போக, அதற்கு மேல் இன்னும் ஆயிரம் மீற்றர் அளவில் ஏற வேண்டும். தூரமோ முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட.

மருமகன் ஒருவன் உக்குவளையில் இருக்கிறான், வேலை தம்புள்ளையில். போன மாதம் வந்து கேட்டான்: "மாமா, சின்னதா ஒரு எஸ்யூவி எடுக்கலாம்னு பாக்குறேன். நீங்க ஒன்னு வச்சிருக்கீங்கதானே, என்ன சொல்றீங்க?" நான் வைத்திருப்பதும் அந்த வகைதான், ஆயிரம் சிசிக்கு உட்பட்டது, ஜப்பானில் ஓடிவிட்டு வந்தது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறை சொல்லும்போது நட்பு கெடக்கூடாது பாருங்கள். ஊரில் எல்லாரும் பேசுகிற டொயோட்டா ரெய்ஸையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

2019 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த வண்டி அது. செய்வது டைஹாட்சு, பெயர்ப்பலகை டொயோட்டா. நீளம் 3,995 மில்லிமீற்றர், அகலம் 1,695, எஞ்சின் 996 சிசி. இந்த எண்களைப் பாருங்கள்: எல்லாமே ஒரு வட்ட எண்ணுக்கு நூலிழை கீழே நிற்கின்றன. ஜப்பானில் சிறுகார் வகுப்புக்குள் இருக்க அகலம் 1,700ஐத் தாண்டக்கூடாது. அங்கே வருடாந்த வாகன வரியும் ஆயிரம் சிசிக்குள் இருந்தால் குறைவு. இலங்கையிலும் பெற்றோல் கார்களுக்கு எஞ்சின் கொள்ளளவை வைத்துத்தான் கலால் வரி. ஆயிரத்தைத் தாண்டினால் மொத்த வரி மட்டுமல்ல, ஒரு சிசிக்கான வீதமே ஏறிவிடும். இந்தியாவில் கதை வேறு மாதிரி, முடிவு ஒன்றுதான். 2006ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், நீளம் நான்கு மீற்றருக்குள்ளும் பெற்றோல் எஞ்சின் 1,200 சிசிக்குள்ளும் உள்ள கார்களுக்குக் கலால் வரியை 24 வீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அதன்பிறகு அங்கே பிறந்த பிரெஸா, நெக்ஸோன், மெக்னைட் எல்லாம் நான்கு மீற்றருக்குச் சில மில்லிமீற்றர் குறைவாகவே பிறந்தன.

ஆக, இந்த வண்டிகள் மலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள் இல்லை. டோக்கியோ, புதுதில்லி, கொழும்பு வரி அலுவலகங்களுக்கு அளவெடுத்தவை. தையல்காரன் கெட்டிக்காரன் என்பதால் நமக்கும் ஓரளவு பொருந்துகிறது. எங்கே பொருந்துகிறது, எங்கே பிடிக்கிறது என்பதுதான் கேள்வி.

பொருந்தும் இடத்தை முதலில் சொல்ல வேண்டும். இருக்கையின் உயரம். முழங்கால் வலியுள்ள என் மாமியார் பழைய செடான் காரில் ஏறும்போது குனிந்து, ஒரு கையால் கதவைப் பிடித்து, கிணற்றில் இறங்குவதுபோல இறங்கி உட்காருவார். எழும்புவதற்கு இரண்டு பேர் வேண்டும். இந்த வண்டியில் இருக்கை அவருடைய இடுப்புக்கு நேராக இருக்கிறது. திரும்பி நின்று, உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்தால் ஆயிற்று. விற்பனை விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. காட்டாற்றில் தண்ணீர் தெறிக்கப் பாய்கிற படத்தைத்தான் போடுவார்கள். முத்துமாரியம்மன் தேருக்குக் கிழவிகளைக் கூட்டிப்போகிற வீடுகளில் இந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம்.

இரண்டாவது, தரையிலிருந்து அடிவயிறு நிற்கும் உயரம். ரெய்ஸுக்கு 185 மில்லிமீற்றர். தோட்டப் பாதைகளில் மழைத்தண்ணீர் வழிய வீதிக்குக் குறுக்கே வெட்டிய காண்களில் சாதாரண கார் முன்பம்பரை உரசிவிட்டுத்தான் வெளியே வரும்; இவை உரசாமல் ஏறிவிடும். ஆனால் அந்த 185 ஆட்கள் ஏறாத வண்டிக்குச் சொல்லும் கணக்கு. பின்னால் மூன்று பேர், டிக்கியில் ஒரு சாக்கு மிளகு என்று ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்துவிடும். மாத்தளையில் டிக்கியில் மிளகோ கராம்போ இல்லாமல் திரும்புகிற வண்டி எது?

மூன்றாவது, ஒடுக்கம். எல்கடுவைப் பாதையில் எதிரே கொழுந்து லொறி வந்தால், யார் பின்னுக்கு எடுப்பது என்பதை வண்டியின் அகலம்தான் தீர்மானிக்கும். 1,695 மில்லிமீற்றர் வண்டி பாறையோரமாக ஒதுங்கிவிடும். பெரிய ஜீப்காரர் வளைவுவரை ரிவேர்ஸில் போக வேண்டும். சிறிய வண்டிக்குத் திரும்பும் வட்டமும் சிறிது; கொண்டை ஊசி வளைவை ஒரே வெட்டில் எடுக்கும்.

இனிப் பிடிக்கிற இடங்கள். பெயரில் எஸ்யூவி என்று இருந்தாலும் இங்கே ஓடுபவற்றில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவைதான். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னால் சாய்கிறது. இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் அப்போதுதான் இலேசாகிப் பிடி தளர்கின்றன. பாசி பிடித்த கொங்கிரீட்டில், மாரி மழைக்குப் பிறகு, டயர் கீச்சிட்டுச் சுழலும், வண்டி நகராது. இப்படி ஒரு தோட்டப் பாதையில் நான் நின்றபோது, பின்னால் டிமோ பட்டா என்கிற குட்டி லொறியில் வந்த பையன் இறங்கி வந்து, "அண்ணே, திருப்பிட்டு ரிவேர்ஸ்ல ஏத்துங்க" என்றான். அவன் சொன்னது சரி. ரிவேர்ஸில் ஏறும்போது இழுக்கும் சக்கரங்கள் கீழ்ப்பக்கம் வந்து பாரத்தைத் தாங்குகின்றன. பின்சக்கரம் இழுக்கும் அவனுடைய பட்டா, தன் பெயரில் எந்த வீரமும் இல்லாமல், தேங்காய் மூட்டைகளோடு நேராகவே ஏறிப்போனது.

மலை ஏறஏறக் காற்று ஐதாவதால், டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறையப் பத்து வீதம் பலத்தை இழக்கும். ரெய்ஸின் 996 சிசி பெற்றோல் எஞ்சினில் டர்போ இருப்பதால் அந்தக் கவலை குறைவு. டர்போ இல்லாத ஆயிரம் சிசிகாரர்கள் இரத்தோட்டையைத் தாண்டியதும் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குவதைப் பார்க்கலாம். வெளிக்காற்றும் அங்கே குளிர்ச்சிதான் என்பதால் நட்டமில்லை.

ஏற்றத்தைவிட எனக்குப் பயம் இறக்கத்தில்தான். எங்கள் கராஜ் நானா இதை இப்படிச் சொல்வார்: "ஏறுறது பெரிய வேலயில்ல சேர். எறங்குறப்போதான் வண்டியோட கொணம் தெரியும்." கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியும் ஐந்து பேரும் சாமானுமாக 1,400 கிலோ என்று வையுங்கள். ஆயிரம் மீற்றர் இறங்கும்போது அந்தப் பாரம் விடுவிக்கும் சக்தி, நாற்பது லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். டயர் உராய்வும் காற்றும் தின்றதுபோக, இருபது லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூட்டை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். கனமான பழைய டீசல் ஜீப்பில் கியரைக் குறைத்தால் எஞ்சினே பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். சிறிய எஞ்சினும் சிவிடி கியரும் உள்ள வண்டியை 'டி'யில் விட்டால், எரிபொருளை மிச்சம் பிடிக்க அது எஞ்சினைச் சோம்பலாகச் சுழலவிடும். எஞ்சின் பிடிக்காததையெல்லாம் பிரேக் பிடிக்க வேண்டும்.

அங்கேதான் பிரேக் ஒயில் என்கிற மலிவான சாமான் பெரிய ஆளாகிறது. புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை சென்றிகிரேட்வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் திரவம். ஈரம் ஏறிய ஒயிலுக்கு அதே விதி கேட்பது 140 பாகைதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவி நசுங்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ரிவஸ்டனிலிருந்து இறங்குகிற சுற்றுலா வண்டிகளில் கருகல் வாசனை வருவதை இரத்தோட்டைக் கடைக்காரர்கள் எல்லாரும் அறிவார்கள். கியர்ப் பிடிக்குக் கீழே 'எல்' அல்லது 'பி' அல்லது 'எஸ்' என்று ஓர் எழுத்து இருக்கும். கொழும்பில் வருடக்கணக்காக வண்டி ஓட்டுபவர்கள் பலர் அதைத் தொட்டதே இல்லை. இங்கே அந்த எழுத்துத்தான் உயிர்.

இன்னும் சில குறைகளைச் சட்டென்று சொல்லிவிடலாம். உயரமான, ஒடுங்கிய வண்டி வளைவுகளில் ஆடும். பின்னிருக்கைப் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். ஏற்றத்தில் சிவிடி எஞ்சின் ஒரே சுருதியில் அலறும், பேச்சு நின்றுவிடும். சில ஜப்பானிய வண்டிகளில் ஸ்பெயார் வீலே கிடையாது. ஒரு பசைப் போத்தலும் சின்னக் காற்றுப் பம்பும் வைத்திருப்பார்கள். ரிவஸ்டனைத் தாண்டி இலுக்கும்புரப் பக்கம் கூரான கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்தால் பசை என்ன செய்யும்?

பாதுகாப்பை எடை போடும்போது தோற்றத்தை நம்பக்கூடாது. நம் நாட்டிலும் நிறைய ஓடுகிற ரெனோ க்விட் எஸ்யூவி முகத்தோடு வந்த 799 சிசிக் கார். 2016இல் குளோபல் என்கேப் அமைப்பு முதன்முறை மோதிப் பார்த்தபோது, இந்தியாவில் செய்த க்விட்டுக்குப் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. 2018 டிசம்பரில் டாட்டா நெக்ஸோன் அதே அமைப்பிடம் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதுவும் நான்கு மீற்றருக்குள் அடங்கும் வண்டிதான். சிறிதாக இருப்பது பலவீனமாக இருக்கக் காரணமாகாது என்று அதிலிருந்து தெரிகிறது. ரெய்ஸுக்கும் ஒரு கறை உண்டு. அதன் ஹைபிரிட் வகையின் பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு நடந்ததை 2023 மே மாதம் டைஹாட்சுவே ஒப்புக்கொண்டது; அந்த வருட முடிவில் தன் எல்லா மாடல்களின் விநியோகத்தையும் சிலகாலம் நிறுத்தியது. ஜப்பான் சாமான் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற நம் பழக்கத்துக்கு இது நல்ல பாடம்.

விலைக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டிகள் தங்கம்போல விலை ஏறின. கதவு திறந்தபிறகு வந்த சின்ன ரெய்ஸ் ஒரு கோடி ரூபாயைத் தாண்டியது. இதைச் சிக்கன வண்டி என்கிறோம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளத்தை 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயித்தார்கள். அந்தச் சம்பளத்தில் வருடம் முந்நூறு நாள் பேர் விழுந்து, ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஒரு கோடிக்கு ஏறத்தாழ இருபத்தைந்து வருடம் ஆகும். லயத்திலிருந்து பார்த்தால் இது சிக்கனத்தின் பக்கம்கூட வராது.

அந்த விலையில் பெரும்பங்கு வரி. மாத்தளைக்கு வண்டி வரி புதிதில்லை. 1848 ஜூலையில் டொரிங்டன் ஆளுநரின் அரசு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வண்டிக்கும் கட்டணம் போட்டது. வீதி போட உடலுழைப்பைக் கொடு, இல்லையேல் பணம் கட்டு என்றது. அதை எதிர்த்து, தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு அரசனாக முடிசூட்டிய சனம் மாத்தளைக்கு வந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கியது. அந்தக் கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரான புரான் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். இன்று நாம் லீசிங் கம்பனியில் அமைதியாகக் கையெழுத்துப் போடுகிறோம். டொலரைக் காப்பாற்ற வரி வேண்டும் என்ற நியாயம் எனக்கும் புரிகிறது. 2022இல் பெற்றோல் 470 ரூபாய்க்கு ஏறியதையும், கியூஆர் அட்டையைக் காட்டி வாரத்துக்கு இருபது லீற்றர் வாங்கியதையும் மறக்கவில்லை. என் முறைப்பாடு வரியின் அளவுகோலைப் பற்றியது. சிசியை மட்டும் அளந்தால் சிசி குறைந்த வண்டிதான் வரும். மோதினால் ஆள் பிழைப்பாரா, மலையில் பிரேக் தாங்குமா என்பதற்கு அந்த அளவுகோலில் கோடே இல்லை.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். தினமும் தம்புள்ளைக்கு ஓடி, ஞாயிறுகளில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், பிள்ளைகளின் ஆசைக்கு எப்போதாவது ரிவஸ்டன் ஏறுகிற குடும்பத்துக்கு இந்த வகை வண்டி சரி. டர்போ உள்ளதாகப் பார், ஸ்பெயார் வீல் இருக்கிறதா என்று டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார், மோதல் சோதனை முடிவைத் தேடிப் படி. லக்கலவிலோ மேல் தோட்டங்களிலோ குடியிருப்பவனாக இருந்தால் இதே காசுக்கு நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டியைத் தேடச் சொல்லியிருப்பேன். வாங்கிய முதல் வாரமே கராஜுக்குக் கொண்டுபோய், கிலோமீற்றர் கணக்கு எதைச் சொன்னாலும் பிரேக் ஒயிலை மாற்று.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "வெள்ளையா, கறுப்பா மாமா?" என்றான். வெள்ளை என்றேன். செம்மண் பட்டால் தெரியும். கழுவுகிற சாக்கில் மாதம் ஒருமுறையாவது அடியில் குனிந்து பார்ப்பான்.