பயணக் கொப்பி

வாழைச்சேனையில், கடதாசி ஆலையை அண்டிய குறிச்சியொன்றில், ஓர் ஆசிரியர் வீட்டு மேசை இலாச்சியில் எண்பது பக்கக் கொப்பி ஒன்று இருக்கின்றது. அதன் முதற் பக்கத்தில் 2019 பெப்ரவரித் திகதி இடப்பட்டு, 'ஓகஸ்ட் விடுமுறை – கொழும்பு – தண்ணீர்ப் பூங்கா' என்று ஆசிரியரின் கையால் எழுதப்பட்டுள்ளது. தொடர்ந்து வருவன வான் வாடகை, நுழைவுச் சீட்டு, தங்குமிடம், வழிச்சாப்பாடு என்னும் நிரல்கள். இடையிடையே அவருடைய இளைய மகள் பென்சிலால் வரைந்த சறுக்குகளும், அவற்றில் வழுக்கி வரும், கைக்கும் காலுக்கும் வேறுபாடற்ற மனித உருவங்களும் காணப்படும். மகிழ்ச்சியாயிருப்பதென்று ஒரு குடும்பம் எடுத்த முடிவுக்கு இதனினும் நம்பத்தக்க ஆவணம் கிடைப்பது அரிது.

அவர்கள் போக எண்ணிய இடம் அவிசாவளை வீதியில், கலுஅக்கலையில் அமைந்த 'லெஷர் வேர்ல்ட்'. வாழைச்சேனையிலிருந்து பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக முந்நூறு கிலோமீற்றரை அண்மித்த பாதை. அதற்குள்ள நகைப்பையும் சொல்லத்தான் வேண்டும். அவ்வீட்டிலிருந்து சைக்கிளில் எட்டக்கூடிய தூரத்திலேயே பாசிக்குடா உள்ளது. கரையிலிருந்து வெகுதூரம் நடந்து சென்றாலும் இடுப்பளவுக்கு மேல் நீர் ஏறாத அக்கடலில் நீராடுவதற்காகவே தென்னிலங்கைக் குடும்பங்கள் ஓகஸ்டில் வான் பிடித்து வருகின்றன. அம்மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்குக் கடல் கொந்தளிக்க, கிழக்குக் கடல் குளம்போற் கிடக்கும். ஆகவே கடலைத் தேடி வருவோரும் சறுக்கைத் தேடிப் போவோரும் ஓட்டமாவடிப் பாலத்தடியில் ஒருவரையொருவர் கடந்தே செல்லவேண்டும். இதனைத் தாயார் எடுத்துக்காட்டியபோது மகள் ஒரே வாக்கியத்தில் விடையிறுத்தாள்: "கடலில சறுக்கு இல்லையே அம்மா."

வீட்டாருக்குக் கடல் வேண்டாமற் போனதற்கு வேறொரு காரணமும் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஞாயிறன்று கல்குடாவிலிருந்த தங்கையின் வீட்டுக்குப் போயிருந்த பெத்தா, தங்கையின்றித் தனியே திரும்பினார். அதன்பின் அவர் பாசிக்குடாப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. பேரப்பிள்ளைகள் கடலுக்குப் போவதை அவர் தடுக்கவில்லை. ஆயினும் அவர்கள் திரும்பும்வரை படலையடியில் நின்றார். அப்படியொருவர் நிற்கின்றார் என்று தெரிந்தபின் பிள்ளைகளுக்கும் குளிப்பில் மனம் ஒட்டவில்லை.

திட்டத்தில் முதலில் தோன்றிய தடை பணமன்று, உயரம். இத்தகைய பூங்காக்களின் பெரிய சறுக்குகளில் ஏற, நான்கடி, அதாவது ஏறக்குறைய 120 சென்ரிமீற்றர் உயரம் இருத்தல்வேண்டும் என்ற விதி உலகெங்கும் பரவலாக உண்டு. சிறிய உடல் பாதையிலிருந்து எகிறும்.  2019இல் மகளுக்கு ஆறு வயது, உயரம் 112. அறைக் கதவு நிலையில் 120இல் ஒரு சிவப்புக் கோடும் அதன் கீழ் மாதந்தோறும் ஒரு நீலக் கோடும் இடப்பட்டன. பதினொரு வயது அண்ணன் கோட்டைத் தாண்டியவன் என்ற மமதையில் திரிந்தான். உண்மையில் அவனுக்காகவே முதலில் இத்திட்டம் போடப்பட்டது.

திட்டம் என்பது இப்பூங்காக்களுக்கு உயிர்நிலை. அங்கே அச்சங்கூட அளந்து வைக்கப்பட்டது. எத்தனை நொடி அலறவேண்டும், எவ்விடத்தில் அலறல் சிரிப்பாக மாறவேண்டும் என்பதைப் பொறியியலாளர் முன்னரே கணித்துவிடுகின்றார். ஆயினும், இவ்வகைப் பூங்காக்களுக்கு முன்மாதிரியான டிஸ்னிலாந்து, கலிபோர்ணியாவின் அனஹைமில் 1955 யூலை 17ஆந் திகதி திறக்கப்பட்டபோது நிகழ்ந்தவை நினைவுகூரத்தக்கவை. போலி அழைப்புச் சீட்டுகளோடு எதிர்பாராத கூட்டம் புகுந்தது. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல வறண்டன. புதிதாக இட்ட தார் வெயிலில் இளகிப் பெண்களின் குதியணிகளைப் பிடித்துக்கொண்டது. எனினும் அந்நாள் மாலையில் மக்கள் வீடு திரும்பினர். மறுநாளும் பூங்கா திறந்தது. திட்டம் பிழைத்தாலும் மறுநாள் இருந்தது. வாழைச்சேனையில் அந்த மறுநாளைத்தான் யாரும் உறுதியாகக் கணக்கிலெடுப்பதில்லை.

அவ்வீட்டுப் பெத்தப்பா இதை நன்கறிந்தவர். 1956இல் உற்பத்தியைத் தொடங்கிய கடதாசி ஆலையிலே, வைக்கோல் கூழாகிக் கூழ் தாளாவதைப் பார்த்துக்கொண்டே தம் உழைப்புக்காலத்தைக் கழித்தவர். அவர் தலைமுறையில் தண்ணீர்ப் பூங்கா இல்லை. தெகிவளை மிருகக்காட்சிச்சாலை இருந்தது. மாலைதோறும் அங்கே நிகழ்ந்த யானை நடனத்தைப் பார்க்காத பிள்ளை, பள்ளியிற் சொல்வதற்குக் கதையற்ற பிள்ளை. 1978 டிசம்பர் விடுமுறைக்கென்று அவர் சேர்த்து வைத்த பணம், அவ்வாண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு வீசிய சூறாவளியின்பின் கூரைத் தகரமாயிற்று. அவ்விரவில் ஆசிரியர் தாய் வயிற்றில் இருந்தார். பயணம் 1980இல்தான் கைகூடியது. யானை ஆடியபோது கைக்குழந்தையான ஆசிரியர் உறங்கிவிட்டார் என்பதை அவருடைய அக்கா இன்றும் சொல்லிச் சிரிப்பார். உறங்கியமை போகட்டும், அவருக்கு வாய்த்த பிள்ளைப்பருவச் சுற்றுலா அது ஒன்றே. ஐந்து வயதுக்கு முன்னரே 1983 வந்தது. 1990இல் அவருக்குப் பதினொரு வயது. அதன்பின் பயணம் என்ற சொல்லுக்கு மூட்டையோடு ஓடுதல் என்பதே பொருளாயிற்று. மட்டக்களப்புக்கான புகைவண்டியும் பல ஆண்டுகள் நின்று, 2003இல்தான் மீண்டும் வந்தது. இவற்றையெல்லாம் நோக்கும்போது, ஆறு மாதத்துக்குப் பின்னுள்ள ஒரு நாளைக் கொப்பியில் எழுதியதே அம்மனிதரின் வாழ்வில் ஒரு துணிகரச் செயல் எனலாம்.

வானை ஓட்ட ஒப்புக்கொண்டவர் ஓட்டமாவடிக்காரர். ஆசிரியர் வீட்டில் பிரசவமென்றாலும் காய்ச்சலென்றாலும் நள்ளிரவிலும் வந்து நின்றவர். 2019 மார்ச்சில் அவரிடம் ஐயாயிரம் ரூபா முற்பணம் கொடுக்கப்பட்டது.

ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் உயிரிழந்தோரிற் பலர் சிறுவர். அடுத்த வாரங்களில் வாழைச்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் இடையிலுள்ள சிறுதொலைவு, வரைபடத்தில் இல்லாத நீளத்தைப் பெற்றது. மே மாதத்தில் ஒரு சிறுவன் கடித உறையொன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே ஐயாயிரம் ரூபா இருந்தது. ஒரு சொல்லும் இல்லை. ஆசிரியர் அதனைத் திருப்பி அனுப்பியிருக்கவேண்டும். அனுப்பவில்லை. அயலவர் பேச்சு ஒருபுறம், இந்தக் காலம் கழியட்டும் என்ற எண்ணம் மறுபுறம். உறையைக் கொப்பிக்குள் வைத்து மூடினார். காலம் கழிந்தது; உறை இருந்த இடத்திலேயே இருந்தது. அதன்பின் வைத்தியசாலைக்குப் போகவேண்டிய வேளைகளில் அவ்வீட்டார் வேறு வாகனம் பிடித்தனர்.

கொப்பியின் ஏனைய பக்கங்களை விரைந்து புரட்டலாம். 2020 ஏப்ரல் என்று எழுதி வெட்டப்பட்டிருக்கிறது. மார்ச் 20ஆந் திகதியே நாடெங்கும் ஊரடங்கு. 2021க்கு ஒரு பக்கமும் இல்லை. 2022க்குரிய பக்கத்தில் வெறும் கணக்கே உண்டு: 2019இல் நூறு ரூபாவைச் சற்றே தாண்டியிருந்த டீசல் லீற்றர், 2022 யூன் இறுதியில் 460 ரூபா, பங்கீட்டின்படி வானுக்கு வாரம் 20 லீற்றர், லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் என்றால் குருநாகலைத் தாண்டிச் சிறிது தூரத்தில் வான் நின்றுவிடும். அவ்வாண்டு மார்ச்சில் மேல் மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் கடதாசி இல்லாமையாற் பிற்போடப்பட்டன என்ற செய்தியைப் படித்த பெத்தப்பா, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஆலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் தேவைப்படவுமில்லை.

இதற்கிடையில் கதவு நிலையின் நீலக் கோடுகள் சிவப்புக் கோட்டைக் கடந்துபோயின. கடந்த நாளை எவரும் கவனிக்கவில்லை என்பதே மகளின் மனக்குறை. 2023இல் அவள் உயரம் 138. பதினைந்து வயது அண்ணனோ, தனக்கு வகுப்பு இருக்கிறதென்றும் சறுக்கெல்லாம் சின்னப்பிள்ளைகளுக்கென்றும் சொல்லத் தலைப்பட்டான். திட்டம் அவனுக்காகத் தோன்றி, அவனைத் தவறவிட்டுவிட்டது. மகளும் இன்னும் இரண்டொரு ஆண்டில் அவ்வாறே சொல்லக்கூடும் என்று தாயார் கூறிய அன்று மாலை, ஆசிரியர் கொப்பியிலிருந்த உறையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஓட்டமாவடிக்குப் போனார்.

ஒரு காலத்தில் புகைவண்டியும் பேருந்தும் ஒரே தடத்தில் முறைபோட்டுக் கடந்த பழைய பாலத்துக்கு அருகில் புதிய பாலம் வந்துவிட்டது. கடப்பதற்குச் சில நிமிடங்களே பிடிக்கும். நாலாண்டு பிந்தியதற்கு என்ன காரணம் சொல்வதென்று அவர் பாலத்தில் யோசித்தார். சாரதி வீட்டு வாசலில் அவர் ஆயத்தம் செய்த காரணங்களுக்கு இடமிருக்கவில்லை. சாரதி கதிரை எடுத்துப் போட்டார். உறையை எண்ணிப் பாராமலே வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"மகள் வளந்திருப்பா, என்ன சேர்? அண்டைக்கு எட்டு இஞ்சி குறையுது எண்டு அழுதா."

குறைந்தது எட்டுச் சென்ரிமீற்றர். ஆசிரியர் அதனைத் திருத்தவில்லை.

2023 ஓகஸ்டில் ஒரு நாள், அதிகாலை இரண்டரை மணிக்கு வான் படலையடியில் வந்து நின்றது. வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று பெத்தப்பா நின்றுகொண்டார். கொழும்பைத் தாம் 1980இலேயே பார்த்துவிட்டதாகவும் சொன்னார். காதில் எதையோ செருகிக்கொண்டு அண்ணனும் வந்து ஏறினான். இடியப்பப் பொதி, சம்பல், கச்சான், தண்ணீர்ப் போத்தல்கள் யாவும் கொப்பியின்படி சரிபார்க்கப்பட்டன. சாரதிக்குப் பின்னுள்ள இருக்கையில் பெத்தா அமர்ந்தார். அவர் வருவதாக ஒப்புக்கொண்டதே அவ்வீட்டில் பெரும் வியப்பு.

புணானை கடந்து வெலிக்கந்தைக் காட்டுக்குள் வான் ஓடிக்கொண்டிருந்தபோது, உறக்கம் வராத மகள் அலைக்குளத்தைப் பற்றிப் பெத்தாவுக்கு விளக்கினாள். ஒரு பெரிய தொட்டி. அதன் ஆழமான முனையில் சுவருக்குப் பின்னால் விசிறிகள் காற்றை ஊதி நீரைத் தள்ளும். மணி அடித்ததும் அலை வரும்.

பெத்தா வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு கேட்டார்:

"நிப்பாட்டினா நிக்குமா மகள்?"

"நிக்கும் பெத்தா. ஒராள் சுவிச்சை அமத்துவார்."

பெத்தா மடியிலிருந்த பையைச் சற்று அழுத்திப் பிடித்துக்கொண்டார். அதில் ஒரு மாற்றுச் சேலை இருந்தது. கொப்பியின் நிரலில் அது இல்லை.