இரைச்சலுக்கும் சுருதி உண்டு

குறொன்லாண்டில் முழு அமைதியான மண்டபம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை. ஒஸ்லோவின் ஐந்து சுரங்க ரயில் பாதைகளும் இந்தப் பகுதிக்குக் கீழே ஒரே குகைவழியாகத்தான் ஓடுகின்றன. இங்குள்ள நிலையம் 1966இல் திறந்தது. மேலே, 1869இல் கட்டிய செங்கல் தேவாலயத்தின் மணி. தெருவில், கடைக்குச் சாமான் இறக்க வந்த வண்டி பின்னுக்குப் போகும்போது போடும் பீப் பீப். மண்டபத்துக்குள்ளே வந்தால் குசினியில் குளிர்சாதனப் பெட்டி, கூரையில் காற்றோட்ட விசிறி. இவ்வளவுக்கும் நடுவில்தான் பொங்கல் விழா வைக்கிறோம், அரங்கேற்றம் செய்கிறோம், பிள்ளைகளைப் பேச்சுப்போட்டிக்கு ஏற்றுகிறோம். மூலையில் ஒரு மேசை, அதில் ஒரு டிஜிற்றல் மிக்சர், அதற்குப் பின்னால் நான்.

விழா தொடங்க முன்னர் யாராவது ஒருவர் அந்த மேசைக்கு வருவார்.

"அண்ணை, எங்கையோ இரையுது."

"கேக்குது தம்பி, பாக்கிறன்."

"டிஜிற்றல் மிக்சர்தானே, ஒரு பட்டனை அமத்தினால் போகாதே?"

பழைய மிக்சர் இரையும், டிஜிற்றல் இரையாது என்ற நம்பிக்கை எங்களிடையே வேரூன்றிவிட்டது. அதில் பாதி உண்மை. ஒலி எண்ணாக மாறிய பிறகு அதில் புதிதாக இரைச்சல் ஒட்டுவது அரிது. ஆனால் மைக் தருவது எண் அல்ல. மில்லிவோல்ட் அளவிலான சின்ன மின்சாரம். அது நீண்ட வயரில் வந்து, முன்பெருக்கியில் பெரிதாகி, அதற்குப் பிறகே எண்ணாகிறது. வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சலும் சேர்ந்தே எண்ணாகும். பாட்டைக் காப்பாற்றும் அதே அக்கறையோடு மிக்சர் அதையும் காப்பாற்றும்.

இரைச்சலே இல்லாத கருவி இயற்கையில் கிடையாது. கம்பிக்குள் எலெக்ரோன்கள் வெப்பத்தால் அசைவதே ஓர் இரைச்சல்தான். 1928இல் ஜோன் ஜோன்சன் அதை அளந்து காட்டினார், ஹரி நைக்விஸ்ற் அதற்குக் கணக்குச் சொன்னார். அமெரிக்காவில் வேலைபார்த்த இந்த இருவருமே சுவீடனில் பிறந்தவர்கள்.  அவர்கள் கணித்த அந்த அடிப்படை இரைச்சலுக்குச் சில டெசிபெல் மேலேதான் இன்றைய நல்ல முன்பெருக்கிகள் நிற்கின்றன. எனவே மண்டபத்தில் காதில் விழும் இரைச்சலுக்கு மிக்சரைக் குற்றம்சொல்வது பெரும்பாலும் அநியாயம். ஸ்ஸ் என்று சீறினால், மைக்கின் கெயினைக் குறைத்து வைத்துவிட்டுப் பிறகு எங்கோ ஓரிடத்தில் அதை ஏற்றிப் பிடித்திருக்கிறோம் என்று பொருள்.

சீறலை விடப் பெரிய தொல்லை உம்ம் என்ற முனகல். அதைத் தேடும் வழி எளியது. எல்லாச் சனலையும் மியூற் செய்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். அநேகமாக அது லப்ரொப் செருகிய சனலில் அகப்படும். கரோக்கே இசைக்கும் நடனப் பாட்டுக்கும் லப்ரொப் இல்லாமல் எங்கள் விழா நடக்காது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், முனகல் அந்தக் கணமே நிற்கும்.

இதில் நோர்வேக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. இந்த நாட்டின் பெரும்பகுதியில் 230 வோல்ட் இரண்டு உயிர்க்கம்பிகளுக்கு இடையில் கிடைக்கிறது. இலங்கையில் வருவதுபோல நிலத்தோடு கட்டிய நியூற்றல் கம்பி இங்கே சொக்கெற்றுக்கு வருவதில்லை. பழைய கட்டடங்களில் எர்த் இல்லாத சொக்கெற்றுகளும் இன்னும் இருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால், சார்ஜரில் கசியும் மின்சாரம் ஒலி வயரின் உறை வழியாக மிக்சருக்குப் பாதை தேடும். எர்த் இருந்தால், லப்ரொப்பின் எர்த்தும் மிக்சரின் எர்த்தும் அதே உறை வழியாக ஒரு வளையமாகிவிடும். இரண்டிலும் அவதிப்படுவது அந்த மெல்லிய மூன்றரை மில்லிமீற்றர் வயர்தான். டிரான்ஸ்போமர் வைத்த டிஐ பெட்டி ஒன்றை நடுவில் போட்டால், ஒலி மட்டும் தாண்டிவரும், மின்தொடர்பு அறுந்துவிடும். அந்தச் சின்னப் பெட்டியை வாங்கிவிட்டால் பிறகு சார்ஜரைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை.

அந்த முனகலைக் கொஞ்சம் உற்றுக் கேட்கலாம். நோர்வேயிலும் இலங்கையிலும் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று அலைகிறது. அதன் மடங்குகளான 100, 200, 300 ஹேர்ட்சும் கூடவே வரும். ஐந்து கட்டையில் பாடும் ஒரு பெண்பிள்ளையின் சட்ஜம் 196 ஹேர்ட்ஸ். அதற்குப் பக்கத்தில் மின்சாரத்தின் 200. வித்தியாசம் நாலு. பிள்ளை ஆதார சட்ஜத்தில் நின்று பிடிக்கும்போது வினாடிக்கு நாலு தடவை ஒலி ஏறி இறங்கி நடுங்கும். தொண்டை நடுங்குவதாகத் தாய் பதறுவார், நடுங்குவது கரண்ட். ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கோ அதே 200 பஞ்சமத்துக்குப் பக்கத்தில் வந்து இடிக்கும். ரொறொன்ரோவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். அங்குள்ள முனகல் ஆறரைக் கட்டைக்கும் ஏழுக்கும் நடுவில் எங்கும் சேராமல் நிற்கும். எங்களுடையது ஏறக்குறைய சேர்ந்து கெடுக்கிறது. பாட்டு ஆசிரியர்கள் இதை மற்றவர்களுக்கு முன்னரே கண்டுபிடித்துவிடுவார்கள். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் முகம் சுளிப்பார்கள்.

மின்சாரத்தைச் சரிக்கட்டினால் அடுத்தது மைக்குகளின் எண்ணிக்கை. மேடையில் எட்டு மைக் இருந்தால் எட்டையும் திறந்து வைக்கச் சொல்வார்கள், யார் எப்போது பேசுவார்கள் என்று தெரியாதாம். திறந்த மைக் இரட்டிக்கும்போதெல்லாம் மண்டபத்தின் இரைச்சல் மூன்று டெசிபெல் கூடும். ஒன்றுக்குப் பதில் எட்டு என்றால் ஒன்பது டெசிபெல். விசிறி, குளிர்சாதனப் பெட்டி, பின்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் மேடைக்கே வந்துவிட்டதுபோல இருக்கும். பேசுகிறவரின் மைக்குக்குப் பங்கு கூட்டி மற்றவற்றைத் தானாகத் தாழ்த்தும் முறையை ஒலிப் பொறியாளர் டான் டூகன் 1970களிலேயே செய்துகாட்டினார். இன்று விலை குறைந்த டிஜிற்றல் மிக்சர்கள் சிலவற்றில்கூட அது இருக்கிறது. பட்டிமன்றத்துக்கு அதைப்போல உதவி வேறில்லை. ஆனால் கச்சேரிக்கு வேண்டாம்; வயலினும் மிருதங்கமும் பேச்சுத் துணைவர்கள் அல்ல, ஒருவர் ஒலிக்கும்போது மற்றவர் தாழ்ந்துபோக.

குரல் மைக்குகளில் 100 ஹேர்ட்சுக்குக் கீழே வெட்டிவிட்டால் சுரங்க ரயிலின் அதிர்வும் மேடையில் நடக்கும் காலடியும் போய்விடும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக்கு மட்டும் அந்த வெட்டைப் போடக் கூடாது. அதன் உயிரே அங்கேதான்.

தம்பிமார் கேட்கும் பட்டன் கேற். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒலி போனால் அது வாயிலை மூடிவிடும். மேளத்துக்கு இது நல்லது. தமிழ்ப் பேச்சுக்கு ஆபத்து. எங்கள் சொற்களில் எத்தனையோ குற்றியலுகரத்தில் முடிகின்றன. வந்தது, பாட்டு, நேற்று. அந்த உகரத்துக்கு இலக்கணம் கொடுத்ததே அரை மாத்திரைதான். கேற் அதையும் பிடுங்கிக்கொள்ளும். ஒன்றரை மாதம் பாடமாக்கிவந்த பிள்ளையின் பேச்சு, ஒவ்வொரு வசனத்தின் வாலிலும் வெட்டுப்பட்டு விழும். கேற் போட்டே ஆகவேண்டுமென்றால் முழுதாக மூடவிடாமல் பத்து டெசிபெல் மட்டும் தாழ்த்தச் சொல்லுங்கள். மூடும் வேகத்தையும் குறையுங்கள்.

இன்னும் புதிய வசதிகள் வந்துவிட்டன. இரைச்சலைத் தானே படித்து அகற்றும் மென்பொருள்கள் பல, மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதை இரைச்சல் என்று வைத்துக்கொள்கின்றன. விசிறிக்கு அந்தக் கணக்குச் சரி. தம்புராவும் அப்படித்தானே ஒலிக்கிறது? 2020இல் பாட்டு வகுப்புகள் சூமுக்குப் போனபோது சென்னையில் இருந்த ஆசிரியரும் ஒஸ்லோவில் இருந்த பிள்ளைகளும் இதைக் கண்டார்கள். சுருதிப்பெட்டி கொஞ்ச நேரம் கேட்கும், பிறகு தேய்ந்து காணாமல் போகும். அந்த ஆண்டிலேயே இசைக்காரருக்கென்று ஒலியைத் தொடாமல் அனுப்பும் ஏற்பாட்டைச் சூம் கொண்டுவந்தது. எங்கள் இசைக்கு அடித்தளமாக இருப்பதைக் கருவி குப்பை என்று கூட்டித் தள்ளுகிறது. எது வேண்டாதது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல ஒரு காது வேண்டும், அந்தக் காது அந்த மண்டபத்தில் இருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான்: இரைச்சலைப் பிறந்த இடத்தில் பிடிப்பது முதல் வேலை, பட்டன் கடைசி வேலை. ஒன்றைமட்டும் மன்றாடிக் கேட்கிறேன். முனகல் நிற்கிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த்தை வெட்டவோ ரேப் ஒட்டி மறைக்கவோ வேண்டாம். முனகல் காதைத்தான் கெடுக்கும்; எர்த் இல்லாத பெருக்கியில் கோளாறு வந்தால் மைக் பிடித்தவரின் உயிரே போகலாம். அடுத்த விழாவுக்கு மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் வாடகையும் கதிரைக் கணக்கும் கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்டு வாருங்கள்: காற்றோட்ட விசிறியை நிறுத்த முடியுமா, மேடைக்குப் பக்கத்தில் எர்த் உள்ள சொக்கெற் இருக்கிறதா?