சுமந்ததைச் சுமந்த நாள்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி நோக்கிச் செல்லும் சாலையில் சேலையூரையும் இராஜகீழ்ப்பாக்கத்தையும் கடந்தால் செம்பாக்கம் வந்துவிடும். இவ்வூர் ஏரியின் மிகைநீர் வழியிலுள்ள ஏரிகளைத் தொட்டுப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைவது இயற்கை வகுத்த பாதை. அந்நீர் செல்லும் திசையிலேயே ஒருநாள் நாங்களும் ஒரு புல்லட் வண்டியைச் சுமந்து சென்றோம்.

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. எங்கள் தெருவிலோ, பழைய தாரின் மேலேயே புதிய தாரை இட்டு இட்டுச் சாலை உயர்ந்து, வீடுகள் பள்ளத்தில் அமர்ந்துவிட்டிருந்தன. வாசலில் நின்ற வாப்பாவின் புல்லட் இரண்டு நாள் பெட்ரோல் டாங்க் வரை நீரில் மூழ்கிக் கிடந்தது. பிள்ளைகள் மூவரையும் பள்ளிக்குச் சுமந்த வண்டி அது.

நீர் வடிந்ததும் என் மச்சான் கிக்கரில் கால் வைத்தார். "தொடாதீர்கள் மாப்பிள்ளை!" என்று வாப்பா தடுத்தார்கள். அந்த ஒரு சொல்தான் எஞ்சினைக் காத்தது. காற்றைப் போல நீர் அழுத்தத்திற்குச் சுருங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது உதைத்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துபோகக்கூடும். மூழ்கிய வண்டியை மெக்கானிக்கிடம் அப்படியே கொண்டு சேர்ப்பதே அறிவுடைமை.

இரண்டு வாரம் கழித்து, ஊரில் 'குட்டியானை' என்றழைக்கப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றை அமர்த்தினோம். ஓட்டுநர் வருமுன்பே அவசரப்பட்டு ஒரு குட்டைப் பலகையைத் தேடி வைத்திருந்தோம். அது செங்குத்தாய் நின்றது. நால்வர் தள்ளியும் 160 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு பாதியில் நின்று, பின்னோக்கிச் சரிந்தது. மச்சானின் பாதம் நூலிழையில் தப்பியது. வாப்பாவின் முகம் வெளுத்ததை அன்றுதான் கண்டேன்.

"பாய், பலத்தால் ஏற்ற முடியாது. இடம் பார்த்து ஏற்ற வேண்டும்" என்றார் ஓட்டுநர். எதிரிலிருந்த காலி மனை, சாலையைவிடத் தாழ்ந்தும் கட்டட இடிபாடுகளால் கெட்டிப்பட்டும் இருந்தது. குட்டியானையை அதில் இறக்கி, அதன் பின்பக்கம் சாலையை நோக்கும்படி நிறுத்தினார். சாலையும் சரக்குத் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டத்திற்கு வந்தன. நீண்ட பலகையின் வழியே புல்லட் தொட்டிலுக்குள் குழந்தை போல இறங்கிற்று. எங்கள் வீட்டைத் தாழ்த்திய சாலையின் உயரம், அன்று எங்களுக்கு உதவியது!

ஏற்றுவது பாதி வேலை, கட்டுவதே மீதி. தளத்தின் நீளமும் புல்லட்டின் நீளமும் ஏறத்தாழ 7 அடிதான். ஆகவே முன்சக்கரத்தை ஓட்டுநர் அறையின் சுவரில் முட்டவைத்துச் சற்றே கோணலாக நிறுத்தினார். கியரில் போட்டு, பெட்ரோல் குழாயை மூடினார். கயிறு உரசும் இடங்களில் சாக்கு வைத்து, முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு மூலைக்கும் இழுத்துக் கட்டினார். முன் ஃபோர்க் பாதியளவு அமுங்கும்வரை இறுக்கினார். சைடு ஸ்டாண்டை மடக்கிவிட்டார். அதன்மேல் சாய்ந்து வரும் வண்டி, பள்ளத்தில் குலுங்கினால் ஸ்டாண்டை வளைத்துக் கவிழும் என்றார். பிடித்துக்கொண்டு வருகிறேன் என ஏறிய என்னையும் இறக்கி முன்னிருக்கையில் அமர்த்தினார். கயிறு தாங்காத எடையை மனிதன் தாங்குவானா?

மேடவாக்கம் வந்ததும் நிறுத்தி முடிச்சுகளைச் சரிபார்த்தார். ஒரு கயிறு தளர்ந்திருந்தது! பள்ளிக்கரணையில் சாலையின் இருமருங்கும் நீர் இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது. எங்கள் வாசலுக்கு வந்த நீரும் இங்கே வந்து சேரவேண்டியதுதான் என எண்ணினேன். வேளச்சேரி, கிண்டி, சைதாப்பேட்டை கடந்து, உதிரி பாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையை அடைந்தோம். மெக்கானிக் ஆயிலை இறக்கியபோது அது மோர் போல வெளுத்து வந்தது. "யாரும் உதைக்கவில்லையே?" என்பதுதான் அவரது முதற்கேள்வி. இல்லை என்றோம். "அப்படியானால் பிழைத்துக்கொள்ளும்" என்றார்.

1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்ட் இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளை உருவாக்கியது. தான் பிறந்த நகரின் வெள்ளத்திலேயே மூழ்கிய அவ்வண்டி, மறுமாதம் வாப்பாவின் உதைக்குப் பழைய குரலில் பதில் சொன்னது.

பின்னாளில் செம்பாக்கம் ஏரி சீரமைக்கப்பட்டது. 2021இல் ஊர் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் மழைக்காலம் ஆண்டுதோறும் வரத்தான் செய்யும். அன்பர்களே, உங்கள் வாசலிலும் ஒரு வண்டி நிற்கலாம். ஐப்பசி பிறக்குமுன் அதை மேட்டில் ஏற்றி வையுங்கள். மூழ்கிவிட்டால் உதைக்காதீர்கள். பிறருடைய வண்டியைச் சுமக்க நேர்ந்தால், அதை அமானிதமாகக் கருதி வழியில் ஒருமுறையேனும் இறங்கிக் கயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.