சிறு துவக்கும் சில சிந்தனைகளும்

துவக்கு என்னும் சொல் எங்கள் ஊரில் விளையாட்டு என்னும் சொல்லோடு சேர்ந்து வழங்குவதில்லை. 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபோது எனக்கு ஆறு வயது. மீளக் குடியேறிய காலத்தில் வளவைக் கூட்டும்போதெல்லாம் வெற்றுக்கோதுகள் விளக்குமாற்றில் அகப்படும். வெடிக்காதவையும் அவற்றிடையே கிடக்கக்கூடுமாதலின், இரும்பாய்த் தோன்றும் எதனையும் தொடலாகாது என்பதே பள்ளிக்கூடத்தில் எமக்குக் கற்பிக்கப்பட்ட முதற் பாடங்களுள் ஒன்று. இத்தகைய ஊரிலே வளர்ந்த ஒருத்தி, துவக்குச் சுடுதலின் இன்பத்தையும் பயனையும் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகவும் சிலருக்கு வெறுப்பாகவும் தோன்றலாம். ஆயினும் அவ்வின்பத்தை நான் நுகர்ந்தேன் என்பது உண்மை. அதனை விடுத்து வேறொரு பொருளைத் தேடுவதிலும் பார்க்க, உள்ளதை உள்ளவாறு எழுதுதலே நன்றெனக் கருதுகின்றேன்.

மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றின்கீழ்ப் பிரித்தானியாவிலுள்ள பல்கலைக்கழகமொன்றிற் சில மாதங்கள் தங்கிப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தவணைத் தொடக்கத்தில் மாணவர் கழகங்கள் யாவும் மேசையிட்டு ஆட்சேர்ப்பது அங்குள்ள வழக்கம். தமிழ்ச் சங்கம் ஏதேனும் உண்டோ எனத் தேடிச் சென்ற நான், றைபிள் கழகத்தின் மேசையருகே நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்பதற்கு இன்றும் என்னிடம் ஒழுங்கான விடையில்லை. அந்நாட்டு ஒழுங்குவிதிகளின்படி புதிதாய்ச் சேர்பவர் குறைந்தது மூன்று மாதங்கள் தகுதிகாண் உறுப்பினராய் இருத்தல் வேண்டும். அக்காலம் முழுவதும் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையின்றி அவர் துவக்கைத் தொடவும் இயலாது. இக்கண்டிப்பே என்னை அங்கு ஈர்த்ததோ என்னவோ. துவக்கைக் கண்டு அஞ்சும் மனிதரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். துவக்கை வைத்திருப்போரே அதற்கு இவ்வளவு அஞ்சி நடப்பதை அங்கேதான் முதன்முறை கண்டேன்.

ஈண்டு அத்துவக்கைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 'பொயின்ற் டூ டூ' எனப் பேச்சில் வழங்கும் .22 றைபிளின் குழல்விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீற்றர். அதன் சன்னம் 40 கிரேன் நிறையுடையது. அஃதாவது இரண்டரைக் கிராமுக்குச் சற்றே அதிகம். பெரிய ரவைகளிலே தீமூட்டும் மருந்து அடிப்புறத்தின் நடுவில் ஒரு சிறு குமிழில் அடங்கியிருக்கும். இதிலோ அம்மருந்து கோதின் அடிவிளிம்பினுள்ளே சுற்றிவர இடப்பட்டுள்ளது. அடிமுனை அவ்விளிம்பை நசுக்கியதும் ரவை வெடிக்கின்றது. நசுங்கிய கோதை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்த இயலாது எனினும், செய்வது எளிதாகையால் விலை குறைவு. உதைப்பும் மிகக் குறைவு. பிரான்சு நாட்டு புளோபேர் 1845ஆம் ஆண்டளவில் வீட்டுக் கூடங்களிற் சுடுவதற்கென அமைத்த சிற்றுருண்டை ரவையே இதன் மூதாதை. இன்று உலகெங்கும் வழங்கும் நீள் ரவை 1887இல் அமெரிக்காவிலே தோன்றியது. போட்டிக்குரிய ரவைகளை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகவே செல்லும்படி செய்கின்றனர். ஒலிவேகத்தைக் கடந்து மீண்டும் அதற்குக் கீழே இறங்குகையிற் சன்னம் தடுமாறும் என்பதே காரணம். சிறியது என்று இதனை விளையாட்டுப் பொருளாக எண்ணுதல் தவறு. தடையின்றிச் சென்றால் ஒரு மைலுக்கு அப்பாலும் இச்சன்னம் தீங்கு செய்ய வல்லது.

நாங்கள் சுட்டது 25 யார் தூரமுள்ள உள்ளகக் கூடமொன்றில். தடித்த தாளொன்றிலே பத்துக் கரும்புள்ளிகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடு; முழுப்புள்ளி நூறு. தரையில் விரித்த பாயிலே குப்புறப் படுத்து, இடது மேற்கையிற் கட்டிய தோல்வாரிலே துவக்கின் பாரத்தைத் தாங்கவிட வேண்டும். தசையாற் பிடித்தல் கூடாது, எலும்பு தாங்கட்டும் என்பார் பயிற்றுநர். பின்னர் கண்ணை மூடிச் சில மூச்சுகள் விட்டுத் திறந்து பார்க்கச் சொல்வார். துவக்கு குறியை விட்டு விலகியிருந்தால் கையால் தள்ளித் திருத்தலாகாது. உடல் முழுவதையும் அரையங்குலம் நகர்த்திப் படுத்தல் வேண்டும். கையால் தள்ளிய துவக்கு விசையை அழுத்தும் கணத்தில் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

மகாபாரதத்திலே துரோணர் மரத்தின்மேற் பறவையை வைத்து மாணாக்கரைச் சோதித்த கதையை யாவரும் அறிவர். பறவையன்றி வேறெதனையும் காணாத அருச்சுனனே அங்கு வென்றவன். நானும் அவ்வாறே கரும்புள்ளியைக் கூர்ந்து நோக்கினேன். பயிற்றுநரோ, கண் முன்குறிவளையத்தில் நிலைக்க வேண்டும், இலக்கு சற்று மங்கலாகவே தெரியட்டும் என்றார். வளையத்துள் வளையமாக அவை ஒருமையமாய் நிற்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதுமாம். எவ்வளவுக்குக் குறியை வெறித்து நோக்குகிறோமோ அவ்வளவுக்கு நம் கருவி எங்கே நிற்கின்றது என்பது மறைந்துவிடுகின்றது. துரோணர் இதற்கு என்ன சொல்லியிருப்பாரோ அறியேன்.

அடுத்தது மூச்சு. வெளிவிட்ட மூச்சின் இறுதியிலே உடல் இயல்பாக ஓய்கின்ற ஒரு சிறு இடைவெளி உண்டு; அதற்குள்ளே விசையை அழுத்த வேண்டும். அவ்வேளையிலே முன்குறிவளையம் மெல்லத் துடிப்பதைக் கண்டு துவக்கிற் பழுது என எண்ணினேன். துடித்தது என் நாடி. தோல்வாரின் வழியே இதயத்தின் அடி துவக்குக்குச் செல்கின்றது. எட்டுப் பத்துச் செக்கன்களுக்குள் சூடு அமையாவிடின் கண் களைத்துவிடும், தசை நடுங்கத் தொடங்கும். அப்போது சுடாமல் விரலை எடுத்து, மூச்சு வாங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் அங்கு கழித்த மாலைகளிலே சுட்டதிலும் பார்க்கச் சுடாமல் விட்டவையே அதிகம். என் இன்பத்தின் பெரும்பகுதியும் அவ்விடத்திலேதான் இருந்தது என்று கூறினால் நம்புவார் சிலரே. முதல் மாதத்திலே எழுபதுகளில் நின்ற என் புள்ளி, கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முன் தொண்ணூற்றுநான்கைத் தொட்டது. மனித உருவம் வரைந்த இலக்கு எதனையும் அக்கூடத்தில் நான் காணவில்லை. சுட்டு முடிந்ததும் ஈயம் படிந்த கைகளைக் குளிர்நீரிற் கழுவிய பின்னரே தேநீர் அருந்த விடுவார்கள்.

நிற்க. இதனை அம்மாவுக்கு முதல் வாரமே தொலைபேசியிற் கூறினேன். சற்று நேரம் மறுமுனையிற் பேச்சில்லை. "உனக்கு வேற விளையாட்டே கிடைக்கேல்லையோ பிள்ளை?" என்றார். அவருடைய தம்பி, என் சின்னமாமா, துவக்கு ஏந்தாதவர். துவக்கு ஏந்தியோரின் நடுவே அகப்பட்டு மாண்டவர். கொண்டாட்டங்களில் வெடி கொளுத்தும்போது இன்றும் அம்மா அறைக்குள்ளே சென்று கதவைச் சாத்திக்கொள்வார். குறிபார்த்தலின் நுட்பம், மூச்சின் ஒழுங்கு என நான் சொல்லக்கூடிய எதுவும் அந்தக் கதவைத் திறவாது. நானும் வாதாடவில்லை. ஆனால் கழகத்துக்குப் போவதை நிறுத்தவுமில்லை.

போருக்கும் இவ்விளையாட்டுக்கும் தொடர்பேயில்லை என்று கூறி என்னால் தப்ப முடியாது. வரலாறு அதற்கு இடந்தராது. 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாபிரிக்கப் போரிலே போவர் குடியானவர்களின் குறிதவறாச் சூட்டின்முன் பிரித்தானியப் படை பெரிதும் இடர்ப்பட்டது. பொதுமக்கள் சுடப் பழக வேண்டும் என்னும் எண்ணம் அதனால் வலுப்பெற்றது. 1901இல் அங்கு சிறு றைபிள் கழகங்களுக்கான சங்கம் தோன்றிற்று; றொபேட்ஸ் பிரபு அவ்வியக்கத்துக்குப் பேராதரவு அளித்தார். நகரங்களிலே தொழிலாளர் மாலைப்பொழுதிற் கூடிக் குறைந்த செலவிற் பழகுவதற்கு .22 வாய்ப்பாயிருந்தது. அதே போரிற் சிறைப்பட்ட போவர்கள் ஏறத்தாழ ஐயாயிரவர் 1900 முதல் நம் நாட்டுத் தியத்தலாவையிலே காவலில் வைக்கப்பட்டனர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அச்சங்கம் 1947இல் இன்றைய பெயரைப் பெற்றது. படைக்கு ஆள் பழக்கவென எழுந்த கழகங்கள் பலவற்றில் இன்று ஓய்வுபெற்றோரும் மாணவரும் கூடித் தாளில் துளையிட்டுத் தேநீர் அருந்துகின்றனர். ஒரு பொருள் தான் தோன்றிய நோக்கத்தை விட்டு வேறொன்றாய் மாறக்கூடும் என்பதற்கு இது சான்றாகும் என நான் எண்ணுகின்றேன். அம்மாற்றத்துக்கு அவர்களுக்கு நீண்ட காலமும், தம் மண்ணிலே தரைப்போர் நிகழாத பேறும் கிடைத்தன என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

கழகத்தார் திரும்பத் திரும்பச் சொல்லும் கதைகள் சில உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மூன்றுநிலைப் போட்டியின் இறுதிச் சூட்டுக்கு அமெரிக்கரான மத்தியூ எமன்ஸ் முன்னிலையில் வந்தார். சுட்டார், அவருடைய திரையிற் புள்ளி எதுவும் தோன்றவில்லை. சன்னம் பக்கத்து வீரரின் இலக்கிற் பட்டிருந்தது. தங்கம் சீனரான ஜியா சான்போவுக்குச் சென்றது, எமன்ஸ் எட்டாமிடம். அன்றிரவு அவருக்கு ஆறுதல் கூற வந்த செக் நாட்டு வீராங்கனையே பின்னர் அவருடைய மனைவியானார். எனக்கு இதனிலும் பிடித்தது 1976 மொன்றியல் கதை. அன்று அப்போட்டியில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே கலந்துகொண்டனர். மாகிரட் மேடொக் என்னும் பெண்ணும் அவருடைய நாட்டவரான லனி பாஷமும் 1162 என ஒரே புள்ளி பெற்றனர். சமநிலை தீர்க்கும் விதியாற் பாஷமுக்குத் தங்கமும் மேடொக்குக்கு வெள்ளியும் கிடைத்தன. நாட்டுப்பண் ஒலிக்கையில் பாஷம் அவரைக் கைபிடித்துத் தம் படியிலே ஏற்றிக்கொண்டார். 1984 முதல் பெண்களுக்கெனத் தனிப்போட்டி வகுத்தனர். அது முன்னேற்றமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே 2024 பாரிசிலே வெண்கலம் வென்றதும் இந்த .22 போட்டியிலேதான், அவர் புகையிரதப் பயணச்சீட்டுப் பரிசோதகராயிருந்தவர்.

எங்கள் கூடத்தின் கடைசித் தடத்திலே சக்கர நாற்காலியில் வரும் முதியவர் ஒருவர் சுடுவார். அவருக்கென ஒரு மேசை மட்டும் உண்டு. தாளும் தூரமும் நேரமும் எல்லாருக்கும் ஒன்றே. அவர் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. 1976இலிருந்து பராலிம்பிக்கிலும் இது ஒரு போட்டி. அவரைப் பார்த்திருந்த மாலைகளில் என் மனம் ஊருக்கே சென்றுவிடும். கால் இழந்தோர் எங்கள் பிரதேசத்திற் பலர். அவர்களுட் பலர் என் வயதினர். அவர்கள் கையிலே .22ஐக் கொடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. வெடிச்சத்தத்துக்கு எங்கள் ஊர் இன்னும் ஆயத்தமில்லை. பத்து மீற்றரிற் சுடும் காற்றுத் துவக்கு ஒன்றுண்டு. அதிலே வெடிமருந்து இல்லை, பெருஞ்சத்தமும் இல்லை. படுத்தல், மூச்சடக்குதல், விரலை எடுத்து மீளத் தொடங்குதல் ஆகிய அனைத்தையும் அதிலேயே பழகலாம். ஒரு நீண்ட மண்டபமும் சில மேசைகளும் கண்டிப்பான ஒரு பயிற்றுநரும் போதும்.

சென்ற விடுமுறையில் அம்மாவிடம் இதனையும் கூறினேன். சத்தம் எவ்வளவு கேட்கும் என்று வினவினார். கைகளைத் தட்டிக் காட்டினேன். அவர் இன்னும் மறுமொழி கூறவில்லை.