பாக்குக் குலையும் பைன் நாற்றும்

மைசூரின் தேவராஜ மொஹல்லாவில் எங்களைப் போன்ற மாடிவாசிகளுக்குத் தோட்டம் என்றால் தொட்டிகள்தான். அக்கா மகள் ஊட்டியிலிருந்து கொண்டுவந்த பைன் விதைகளைத் தட்டில் நெருக்கமாகத் தூவினாள். விதைத்தோலைத் தொப்பியாகச் சுமந்துகொண்டு அழகாகத்தான் முளைத்தன. பிறகு மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர்கோத்து, நூலாய் இளைத்து, வரிசையாகச் சாய்ந்தன. ஊசியிலைகளில் பச்சைகூட மாறவில்லை. நாற்றழுகல் என்று வேளாண் கையேடுகளில் வருவது இதுதான்.

தேவராஜ மார்க்கெட்டில் நான் பாக்கு வாங்கும் கடைக்காரர் மலைநாட்டுக்காரர். போனில் படத்தைப் பார்த்ததும், "மழைக்காலத்துல எங்க தோட்டத்துக்கு வருமே கொளெ ரோகம், அதுதான் சார் இது" என்றார். மரத்தின் உச்சியில் அழுகி உதிரும் பாக்குக்கும் தட்டில் சாயும் பைன் நாற்றுக்கும் என்ன உறவு? அவரிடம் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால், அந்தப் பாக்கு நோயை முதலில் முறையாக ஆராய்ந்தது யார் என்ற கேள்வி என்னை விடவில்லை.

தேடினால் லெஸ்லி கோல்மன் வந்து நின்றார். கனடாவில் பிறந்து, ஜெர்மனியின் கோட்டிங்கனில் முனைவர் பட்டம் பெற்று, மைசூர் சமஸ்தானத்துக்குப் பூஞ்சையியலும் பூச்சியியலும் பார்க்க வந்தவர். பின்னாளில் இங்கே வேளாண்மைத் துறை இயக்குநர். 1910-ல் கொளெ ரோகம் பற்றி அவர் எழுதிய அறிக்கை வெளியானது. நோய்க்கிருமிக்கு அவர் வைத்த பெயர் 'ஃபைட்டோப்தோரா ஆம்னிவோரா, வெரைட்டி அரீகே'. ஏற்கெனவே தெரிந்த ஒரு கிருமியின் பாக்கு வகை என்று பொருள். அப்படியானால் அந்த 'ஏற்கெனவே' எங்கே?

ஜெர்மானியக் காட்டில். கள்ளிச்செடி அழுகலிலிருந்து 1870-ல் லெபர்ட்டும் கோனும் ஒரு கிருமியை விவரித்திருந்தார்கள். அதே பத்தாண்டில், காட்டுமர நோயியலின் தந்தை எனப்படும் ராபர்ட் ஹார்டிக், பீச் மர நாற்றுகள் கூட்டம் கூட்டமாகக் கருகிச் சாவதை ஆராய்ந்து இன்னொன்றுக்குப் பெயரிட்டார். அது ஸ்ப்ரூஸ், பைன் முதலான ஊசியிலை மர நாற்றுகளையும் விடுவதில்லை. 1881-ல் ஆன்டன் டி பாரி இவையெல்லாம் ஒன்றே என்று முடிவுகட்டி, 'ஆம்னிவோரா' என்ற பெயரின் கீழ் கொண்டுவந்தார். ஆக, மலைநாட்டுப் பாக்கு நோய்க்குக் கோல்மன் தேடிப்பிடித்த உறவு, காட்டு நாற்றுகளைக் கொல்லும் கிருமிதான். கடைக்காரரிடம் தலையாட்டியது வீண்போகவில்லை.

ஆனால் கோல்மன் சொன்ன உறவு நிலைக்கவில்லை. பிரிக்கக் காரணமானது நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ஒரு சங்கதி. இந்தக் கிருமிகளில் பெண் உறுப்பு உருண்டையானது. ஆண் உறுப்பு சிறியது. ஆம்னிவோராவில் ஆண் உறுப்பு உருண்டையின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். பாக்குக் கிருமியிலோ பெண் உறுப்பு ஆண் உறுப்பைத் துளைத்துக்கொண்டு வளர்வதால், ஆண் உறுப்பு அதன் அடியில் வளையமாகச் சூழ்ந்து நிற்கும். இவ்வளவு அடிப்படையான வேறுபாட்டை வைத்துக்கொண்டு ஒரே இனம் என்று சொல்ல முடியாது. 1913-ல் பெதிபிரிட்ஜ் அதைத் தனி இனமாக்கி, 'ஃபைட்டோப்தோரா அரீகே' என்றார். பிறகு அதையும் 'பால்மிவோரா' என்ற இன்னொரு ஃபைட்டோப்தோரா இனத்தோடு சேர்த்தார்கள். டிஎன்ஏ பார்த்துச் செய்த அண்மை ஆய்வுகளில் கொளெ ரோகத்துக்கு 'மீடியை' என்ற பெயரும் அடிபடுகிறது. அது மதராஸ் அரசில் பணியாற்றிய மக்ரே, ரப்பர் மர நோய்க்காக 1918-ல் சூட்டிய பெயர். ஜெர்மானிய ஆம்னிவோராவும் இன்று அந்தப் பெயரில் இல்லை. கள்ளியில் கண்ட முதல் பெயருக்கே முன்னுரிமை என்று 'காக்டோரம்' ஆகிவிட்டது. போதாததற்கு, இந்தப் பரம்பரை முழுவதையும் பூஞ்சைகளின் வரிசையிலிருந்தே எடுத்து, பழுப்புப் பாசிகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

பெயர் மாறியதால் கோல்மனின் மருத்துவம் கெடவில்லை. அதுவரை குலைகளின் மேல் மழை படாமல் கொட்டெ என்னும் உறையைக் கட்டிக் காத்து வந்தார்கள். அவர் மழைக்கு முன்பே போர்டோ கலவை தெளிக்கச் சொன்னார்: மயில்துத்தமும் சுண்ணாம்பும். அடைமழையிலும் மருந்து ஒட்டி நிற்க ரோசினும் சலவைச்சோடாவும் சேர்ப்பதுண்டு. ரோசின் பைன் பிசினிலிருந்து வருவது.

என் அக்கா மகளின் தட்டுக்கு இந்தக் கலவை தேவைப்படவில்லை. நாற்றழுகலைச் செய்பவை பெரும்பாலும் பித்தியம், ஃபியூசேரியம், ரைசோக்டோனியா. ஃபைட்டோப்தோரா அந்தக் கூட்டத்தில் ஒன்று. தண்டு மரத்தன்மை பெறும்வரைதான் ஆபத்து அதிகம். பித்தியமும் ஃபைட்டோப்தோராவும் ஈர மண்ணில் நீந்தும் வித்துகளை விடும். காய்ந்தால் தடித்த ஓட்டுக்குள் பல ஆண்டுகள் கிடக்கும். அமில மண்ணில் நோய் குறைகிறது என்பதால், அமெரிக்க வன நாற்றங்கால்களில் பாத்திக்குக் கந்தக அமிலம் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். கார்ல் ஹார்ட்லியின் 1921 அறிக்கை அந்தச் சோதனைகளைப் பேசுகிறது. மாடியில் அமிலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, பாதிக்குப் பாதி ஆற்று மணல் கலந்து, விதைகளைத் தள்ளித் தள்ளி ஊன்றி, காலையில் மட்டும் தண்ணீர் தெளிக்கிறாள்.