மாறிய எண்ணும் மாறாத பழக்கமும்

ஆகாயம் விசாலமானது, அங்கே வேலியும் இல்லை, சுங்கச்சாவடியும் இல்லை, இறக்கை கிடைத்தவன் எத்திசையும் போகலாம் என்று எண்ணுவோர் நம்மில் பலர். காக்கைக்கும் கழுகுக்கும் அது சரி. விமானத்தில் ஏறிப் பறக்கும் மனிதனுக்குச் சரியன்று. பாயான் லெப்பாஸ் நிலையத்தை நாடி வரும் பயணி விமானங்களும், கடலுக்கு அக்கரையில் பட்டர்வர்த் தளத்திலிருந்து எழும் இராணுவ விமானங்களும், சொந்தப் பணத்தில் பறப்போரின் ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களும் ஒரே வானத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவ்வானத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் வானொலியில் ஓர் எண் உண்டு. அப்பகுதிக்குள் நுழையும் விமானி அந்த எண்ணுக்குத் தன் கருவியைத் திருப்பி, தான் யார், எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று சொல்லி, கிடைக்கும் கட்டளையைக் கேட்டு நடக்கவேண்டும். எண் தவறினால் அவன் சொல் எவர்க்கும் கேளாது. எவர் சொல்லும் அவனுக்குக் கேளாது.

அந்த எண் யாது என்று இவ்விடத்தில் நாம் அச்சிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இப்பத்திரிகை வாசகர் கைக்கு வருமுன் அது மாறியிருக்கலாம். சம்பளம் வாங்கும் விமானிக்கு, மாறியதைத் தேடித் தர அவனுடைய கம்பெனியில் ஆட்கள் இருக்கின்றனர். தனியாகப் பறப்பவனுக்கு யார் தேடித் தருவார்? அவன் எவ்வாறு அறிந்துகொள்கிறான் என்பதைச் சொல்லவே இதனை எழுதப் புகுந்தோம்.

பினாங்குவாசிகளுக்கு இந்த விஷயத்தின் தாத்பரியம் விளங்காமற் போகாது. நாம் கொடிமலை என்றழைக்கும் மலைக்கு அப்பெயர் வந்தது, அதன்மேல் நின்ற கொடிமரத்தால். கப்பல் வருவதை உச்சியிலிருந்து கண்டவர், கொடிகளை ஏற்றிக் கீழே கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அறிவித்த காலம் ஒன்று உண்டு. மேலே ஏற்றுபவனிடம் ஒரு குறிப்பேடும் கீழே பார்ப்பவனிடம் வேறொரு குறிப்பேடும் இருந்தால் கொடி வெறுந் துணியே அன்றோ? கொடி போய்க் கம்பியில்லாத் தந்தியும், அதன்பின் வானொலிப் பேச்சும் வந்தன. இரு பக்கத்தாரிடமும் ஒரே குறிப்பேடு இருக்கவேண்டும் என்ற நிபந்தனை மட்டும் அப்படியே இருக்கிறது.

விமானிகள் பேசும் அலைகள் பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வரிசையில் அமைந்தவை. அவை ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்லும். நடுவே மலை நின்றால் தடைப்படும். ஓர் எண்ணில் ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம். இருவர் பேசினால் இருவர் சொல்லும் கெட்டுக் கீச்சென்ற ஓசையே மிஞ்சும். 1977-ஆம் வருஷம் மார்ச் 27-ஆம் தேதி, கானரித் தீவுகளைச் சேர்ந்த டெனெரீஃபில், மூடுபனிக்கிடையே இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக ஒரு விமானத்தார் சொன்ன சொல்லும், கட்டுப்பாட்டுக் கூடத்தார் சொன்ன சொல்லும் ஒரே கணத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தமை அவ்விபத்தின் காரணங்களுள் ஒன்று.

இனி, எண்கள் ஏன் மாறுகின்றன? போக்குவரத்துப் பெருகப் பெருக, ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே விட்ட இடைவெளியைக் குறுக்கிப் புதிய எண்களை உண்டாக்குகின்றனர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் 200 கிலோஹெர்ட்ஸாக இருந்த இடைவெளி 100, 50, 25 எனக் குறைந்தது. ஐரோப்பாவில் அதனையும் மூன்றாக வகுத்து 8.33 ஆக்கினர், 2018 ஜனவரி முதல் அவ்விதி அங்கே சிறு விமானங்களையும் பற்றிக்கொண்டது. பழைய கருவியைக் கழற்றிப் புதியது வாங்கும் செலவு சொந்தப் பணத்தில் பறப்பவர் தலையில் விழுந்தது.

அதனினும் கடுமையான மாறுதல் ஒன்று உண்டு. விமானம் விழுந்தால் தானே கூவி உதவி கேட்கும் கருவிகள் முன்னர் 121.5 என்ற ஆபத்து எண்ணிற் கூவின. விண்ணிலுள்ள துணைக்கோள்கள் அதனைக் கேட்டு அறிவித்தன. 2009 பிப்ரவரி 1-ஆம் தேதி முதல் துணைக்கோள்கள் அந்த எண்ணைக் கேட்பதை நிறுத்தி 406 மெகாஹெர்ட்ஸை மட்டும் கேட்கலாயின. பழைய கருவியையே நம்பிப் பறந்தவனுக்குப் பெட்டி அப்படியே இருந்தது, விளக்கும் எரிந்தது. கேட்கும் செவிதான் துணைக்கோளில் இல்லை.

மலேசியாவில் அலைகளைப் பங்கிட்டுக் கொடுப்பது, 1998-ஆம் வருஷச் சட்டங்களின்வழி அமைந்த தொடர்பு பல்லூடக ஆணையம். ஆகாய விதிகளைப் பார்ப்பது, 2018 பிப்ரவரியில் பழைய இலாகாவின் இடத்துக்கு வந்த சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். எண்களும் வழிகளும் அடங்கிய அதிகாரபூர்வமான நூலை வெளியிடுவதும் பின்னதே. அந்நூலில் முக்கியமான திருத்தங்கள் நினைத்த நாளில் வருவதில்லை. 1964 முதல் உலகமெங்கும் ஓர் ஏற்பாடு நடந்துவருகிறது. 28 நாட்களுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையில், எல்லா நாட்டிலும் மாறுதல்கள் அமலுக்கு வரும். அச்செய்தி குறைந்தது 28 நாள் முன்னதாகவே விமானிகளுக்குக் கிடைத்தாகவேண்டும். இடையில் அவசரமாக ஏற்படும் மாறுதலுக்கு ‘நோட்டம்’ என்ற சுருக்க அறிவிப்பு உண்டு.

நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இருக்கிறார். கெடாவில் ஒரு தோட்டத்திற் பால்மரம் சீவியவரின் பேரர். தொழிற்சாலை உத்தியோகத்தில் வருஷக்கணக்கில் மிச்சம்பிடித்துச் சிறு விமானம் ஓட்டும் லைசென்ஸ் பெற்றவர். பறப்பதற்கு முந்தின இரவு அவரைக் காணவேண்டும்! படத்தில் அச்சிட்ட தேதியைப் பார்க்கிறார், திருத்தங்களைப் பார்க்கிறார், அன்றைய நோட்டங்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார், போகும் வழியிலுள்ள எண்களை வரிசையாகப் பென்சிலால் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார்.

“போன மாதம் பறந்த வழிதானே தம்பி, மறுபடியும் இவ்வளவு படிப்பு எதற்கு?” என்றோம்.

“போன மாதம் படித்தது போன மாதத்துக்குத்தான் அண்ணே. நடுவில் ஏதாவது மாறியிருந்தால் எனக்கு வந்து சொல்ல ஆளில்லை. நானேதான் பார்த்துக்கொள்ளவேண்டும்.”

திருப்பிய எண்ணில் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டோம். முந்தின எண்ணுக்குத் திரும்பிக் கேட்பாராம். அங்கும் இல்லையேல் 121.5. வானொலியே கெட்டால், 7600 என்ற குறியை ராடாருக்குத் தெரியும்படி வைத்து இறங்க வருவாராம்; கூடத்தார் பச்சை விளக்குக் காட்டினால் இறங்கலாம், சிவப்புக் காட்டினால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றவேண்டும். கொடிமலைக் காலத்து அடையாள முறை முற்றும் ஒழிந்துவிடவில்லை என்று அறிந்து மகிழ்ந்தோம்.

ஆனால் அறிவிப்பு வந்ததாலேயே அறிவு வந்துவிடாது. 2017 ஜூலை 7-ஆம் தேதி இரவு, சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று, ஓடுபாதை என்று எண்ணி, நான்கு விமானங்கள் வரிசையாக நின்ற பக்கப் பாதையில் இறங்கப் போயிற்று. சுமார் 60 அடி உயரம் வரை இறங்கி மேலெழுந்ததால் பெருங்கொடுமை தப்பியது. பக்கத்து ஓடுபாதை அன்றிரவு மூடப்பட்டிருக்கும் என்ற அறிவிப்பு விமானிகளுக்குக் கொடுத்த 27 பக்கத் தாள்களில் 8-ஆம் பக்கத்தில் இருந்தது. அது அவர்கள் நினைவில் நிற்கவில்லை. வேண்டியதையும் வேண்டாததையும் ஒன்றாகக் குவித்துக் கையில் திணித்துவிட்டு, ‘நாங்கள் அறிவித்துவிட்டோம்’ என்று சொல்வது போதாதென்று அந்நாட்டு விசாரணையாளரே கண்டித்தனர்.

அறிவிப்பவர் கடமை ஒரு பாதி; கேட்பவர் கடமை மறுபாதி. வானொலியில் ஒரு விதி உண்டு: புதிய எண்ணைச் சொன்னால், கேட்டவன் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லவேண்டும். 2014 மார்ச் 8-ஆம் தேதி அதிகாலை 239 பேருடன் மறைந்த எம்.எச். 370 விமானத்தை நம்மவர் மறந்திருக்கமாட்டார். திசை திரும்பிய அவ்விமானம் நம் தீவின் தென்புறமாகவே சென்றது. 1 மணி 19 நிமிஷத்தில் ஹோ சி மின் நகரின் எண்ணுக்கு மாறும்படி கோலாலம்பூர் சொல்ல, இரவு வணக்கம் மட்டுமே பதிலாக வந்தது. எண் திருப்பிச் சொல்லப்படவில்லை. வந்துசேரவேண்டிய விமானம் எங்கே என்று ஹோ சி மின் நகரத்தார் கேட்டபோது 1 மணி 39 நிமிஷம். எண்ணைச் சொல்லாததே அப்பேரிழப்பின் காரணம் என்று நாம் கூறவரவில்லை. இருவர் பொறுப்புக்கு நடுவேயுள்ள இடைவெளி எவ்வளவு நேரம் கவனிப்பாரற்றுக் கிடக்கக்கூடும் என்பதையே காட்டினோம்.

நிற்க. ஆகாயத்து விஷயம் தோட்டத்தாருக்கும் பட்டணத்து உழைப்பாளிக்கும் எதற்கு என்று கேட்கலாம். விதி மாறுவது வானத்தில் மட்டுமா? பெரட்டில் கிராணி வாசித்ததே சட்டம் என்றிருந்த காலத்தில் வளர்ந்தவர் நம் முன்னோர். 1968-ஆம் வருஷத்து வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரஜையல்லாதார் வேலைசெய்ய அனுமதிப் பத்திரம் பெறவேண்டும் என்றது. பல்லாண்டு இந்நாட்டில் உழைத்தும் பிரஜாவுரிமை பெறாதிருந்த தமிழர் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து கப்பலேறினர். நம் பெரியப்பா அவர்களில் ஒருவர். அவர் வேலைசெய்த தோட்டத்தின் ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம். அது தமிழில் இல்லையாம். பக்கத்து லயத்தார் சிலர் அதற்கு வெகு முன்னரே மனுப் போட்டுப் பத்திரம் வாங்கியிருந்தனர். “இத்தனை வருஷம் இருந்தோம், இனி யார் கேட்கப்போகிறார்கள்?” என்றே பெரியப்பா இருந்துவிட்டார். ‘ரஜூலா’ கப்பல் அவரை நாகப்பட்டினத்தில் இறக்கிற்று. அவருக்குத் தெரிந்த ஊர் அங்கே ஒன்றுமில்லை.

அந்நிகழ்ச்சியில் குற்றம் ஒருபுறத்தது மட்டுமன்று. அவருக்குப் புரியாத பாஷையில் சுவரோடு பேசியவர் அறிவித்தவர் ஆகமாட்டார். பழக்கத்தையே பத்திரமாக நம்பியிருந்த அவரும் விசாரிக்கவேண்டிய பாதியை விசாரிக்கவில்லை. ஆயினும் வலிமையுள்ளவன் செய்யத் தவறியதும் வலிமையற்றவன் செய்யத் தவறியதும் ஒரே நிறையன்று. விமானிக்குக் குறைந்தது 28 நாள் முன்னதாக, தேதியிட்டு, ஒழுங்கான நூலிற் சொல்லவேண்டுமென்று உலகம் விதி வகுத்திருக்கிறது. தோட்டத்து மனிதனுக்கு மட்டும் அவ்வளவு மரியாதை ஏன் கூடாது?

ஆகவே சங்கத்திலும் கோயிற் கமிட்டியிலும் பள்ளி நிர்வாகத்திலும் பொறுப்பேற்றோர்க்கு நாம் சொல்வது இது: விதி மாறினால் முன்னதாகச் சொல்லுங்கள், தமிழிற் சொல்லுங்கள், எந்தத் தேதி முதல் என்று சொல்லுங்கள். கேட்போர்க்குச் சொல்வதும் ஒன்றுண்டு. கூலி, சேமநிதி, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் எதுவாயினும், போன வருஷம் அப்படித்தான் இருந்தது என்று நின்றுவிடாமல், இன்றைய விதி யாது என்று போய்க் கேளுங்கள். கேட்டதை, விமானி எண்ணைத் திருப்பிச் சொல்வதுபோல, சொன்னவரிடமே ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று உறுதி செய்துகொண்டு வீடு திரும்புங்கள்.